ஐந்தாம் மாடிக்கு வந்த நாரை

கடைசியாக நீங்கள் மண்ணை மிதித்தது எப்போது? இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிறீர்கள். டோப்ரின்காவைக் கேட்டால் யோசிப்பாள். டான்யூப் ஆற்றங்கரையில் ஒரு சிறு நகரம். அங்கே லிஃப்ட் இல்லாத ஒரு பழைய குடியிருப்பு. அதன் ஐந்தாம் மாடியில் அவள் தனியாக இருக்கிறாள். அவளை மண் தொட்டு ஒன்றரை வருடம் ஆகிறது.

முழங்கால்கள் இரண்டும் தையல் ஆலையின் இஸ்திரிப் பிரிவில் போயின. முகம் தெரியாத யாரோ அணியப்போகும் கோட்டுகளுக்காக, சிமெண்டுத் தரையில் நின்றே இளமை முழுவதும் கழிந்தது. உட்கார ஒரு ஸ்டூல் கேட்டதற்கு மேற்பார்வையாளர் சிரித்தாராம். ஆலை மூடிவிட்டது, வலி மூடவில்லை. லிஃப்ட் கேட்டு எழுதினால், ஆறு மாடி இருந்தால்தான் லிஃப்ட் என்று பதில் வருகிறது. ஐந்தாம் மாடிக்காரர்களுக்கு மூட்டு தேயாது என்று எந்த விஞ்ஞானி கண்டுபிடித்தாரோ!

அவளுக்கு வெளி உலகம் என்று இருந்தது ஒரு பழைய டேப்லெட். ஓரத்தில் கீறல் விழுந்து, திரை மஞ்சளாகிப் போனது. அதில் அவள் பார்ப்பது ஒன்றே ஒன்று: எங்கோ ஒரு கிராமத்து மின்கம்பத்தின் உச்சியில் இருக்கும் செங்கால் நாரையின் கூடு. பக்கத்தில் யாரோ கேமரா பொருத்தியிருந்தார்கள். குளிர்காலம் முழுவதும் அது வெறுங்கூடுதான். ஆனாலும் பார்ப்பாள். மஞ்சள் திரையில் பனிகூடத் தேன் சொட்டுவது போல விழும். கீழே கோழிகள் கொக்கரிக்கும். ஒரு பெண் குரல் யாரையோ சாப்பிடக் கூப்பிடும். காற்றில் கூடு மெல்ல ஆடும்போது அவளுடைய நாற்காலியும் ஆடும். கண் சொருகும். அப்போது அவளுக்குக் கால்கள் நீளமாய், சிவப்பாய், வலியே இல்லாமல் பின்பக்கமாக மடங்கும்.

மார்ச் முதல் நாள், மூன்றாம் மாடி வெனெதா சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலோடு வந்தாள். அந்த ஊரில் எல்லோரும் அன்று மணிக்கட்டில் கட்டிக்கொள்வதுதான். அந்த ஆண்டின் முதல் நாரையைக் கண்ட பிறகு கழற்றி ஏதாவது மரத்தில் கட்டிவிட வேண்டும்.

"இதக் கட்டுனா ஆரோக்கியம் வருமாம்ல? அப்போ முழங்கால்ல கட்டு, பாப்போம்" என்றாள் டோப்ரின்கா.

"பேசாம கைய நீட்டுங்க அக்கா. நம்பிக்கையில யாரு கட்டுறா? மார்ச் வந்துச்சு, கட்டுறோம்."

கூடவே வந்திருந்த அவள் கணவன் ராங்கெல், பஸ் ஓட்டுபவன், கதவில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "அக்கா, போன வருசம் மாதிரி நூல ஜன்னல் கம்பில கட்டாதீங்க. நாரை வந்ததும் வெந்நீர்க் குழாயத் தட்டுங்க, கீழ கேக்கும். உங்கள நாற்காலியோட தூக்கிட்டுப் போயி கீழ பிளம் மரத்துல கட்ட வெக்கிறேன்."

"காலையிலேயே குடிச்சிருக்கியாடா?"

"டூட்டிக்குப் போறேன்க்கா. நெஜமாத்தான் சொல்றேன்."

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைவே இல்லை. நாரை வந்தால் மண். அவ்வளவுதான் கணக்கு.

அடுத்த வாரமே டேப்லெட் கைவிரித்தது. நாரைக் கூட்டுப் படத்தைத் திறந்தால், 'இந்தக் கருவியில் இனி இயங்காது' என்று ஒரு வரி. உடையவில்லை, அணையவில்லை, தொட்டால் வேலை செய்கிறது. ஆனாலும் இனி ஆகாதாம். யார் முடிவு செய்தது? எங்கோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். புதிதாக ஒன்று விற்க வேண்டும், அதனால் பழையது சாக வேண்டும். இந்தத் தர்க்கத்தை டோப்ரின்கா ஆலையிலேயே கேட்டிருக்கிறாள்.

"என்னைய மாதிரியே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்று அதன் முகத்தைத் துடைத்து வைத்தாள்.

சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாளில், துளைபோடும் மெஷினுக்கும் தோட்டத்துக் குழாய்க்கும் நடுவே, மலிவு விலையில் ஒரு புதிய டேப்லெட் இருந்தது. ராங்கெல் வாங்கி வந்து எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினான். பிளாஸ்டிக் முதுகு, தகர டப்பா போன்ற ஒலி. ஆனால் வெளிச்சம் கண்ணைப் பறித்தது. தேன் போய் எல்லாம் நீலமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கூட்டைத் திறந்தாள். நின்றது நாரை! ஒற்றைக் காலில், அலகைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்காரி போல.

கரண்டியை எடுத்து வெந்நீர்க் குழாயில் டங் டங்கென்று அடித்தாள். கட்டடத்தின் எல்லா மாடிகளுக்கும் போகிற குழாய் அது. ராங்கெல் பனியனோடு வந்தான். பின்னாலேயே வெனெதாவும் முதல் மாடி அண்ணன் தம்பிகளும் வந்தார்கள். நாற்காலியை அலேக்காகத் தூக்கினார்கள். டேப்லெட் அவள் மடியில்.

படிக்கட்டு அவளைக் கடந்து மேலே போயிற்று. நான்காம் மாடியில் முட்டைக்கோஸ் ஊறுகாய் வாசம். மூன்றில் புதுப் பெயிண்ட். இரண்டில் யாரோ காபி கொதிக்கவிட்டிருந்தார்கள். அவள் படி இறங்கவில்லை, மிதந்தாள். கதவு திறந்தது. வானம் இவ்வளவு பெரிதா?

செருப்பைக் கழற்றி மண்ணில் பாதத்தை வைத்தாள். சில்லென்று ஏறியது. நூலை அவிழ்த்துப் பிளம் கிளையில் முடிந்தாள். அண்ணாந்து பார்த்தாள். கிளை மொட்டையாக இருந்தது. மடியைப் பார்த்தாள். நாரைக்குப் பின்னால் மரங்கள் பச்சைப் பசேலென்று அடர்ந்திருந்தன. கூட்டுக்குள் குஞ்சு ஒன்று வாயைப் பிளந்தது.

"ராங்கெல்..."

"என்னக்கா?"

"இது போன வருசத்து நாரைடா. பழைய படத்த ஓட்டிட்டு இருக்கு. அந்தக் கெழட்டு டேப்லெட்டு நேரா கூட்டுக்குப் போவும். இந்தப் புதுசு மொதல்ல பழசத்தான் காட்டும் போல."

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தம்பிக்காரன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "அப்போ நெஜ நாரை வந்தா மறுபடி தூக்கணுமா? என் இடுப்பு போச்சு!"

வெனெதா பதறினாள். "ஐயோ, நாரைய பாக்காமயே நூல அவுத்துட்டீங்களே! ஆகாதுன்னு சொல்லுவாங்க."

"எதுக்குடி ஆகாது? நாரை வரலேன்னா என்ன, நான் வந்துட்டேன்ல!"

முதலில் ராங்கெல் சிரித்தான். பிறகு எல்லோரும். சிரித்து ஓய்ந்தபோது அவர்களுக்கே ஒன்று உறைத்தது. நாரை இல்லாமலும் தூக்க முடிந்திருக்கிறது. அப்படியானால் போன ஞாயிற்றுக்கிழமையும் முடிந்திருக்கும்; அதற்கு முந்தினதும். வெனெதா மாடிக்கு ஓடிக் கம்பளிப் போர்வை எடுத்து வந்து அக்காவின் தோளில் போர்த்தினாள்.

"அடுத்த ஞாயிறும் இறங்கலாம்க்கா" என்றான் ராங்கெல். "லிஃப்டுக்கு இந்தத் தடவ எல்லா வீடும் சேர்ந்து போயிக் கேப்போம். வரலேன்னா நகராட்சி வாசல்ல உங்கள நாற்காலியோட எறக்கி வெச்சிட்டு வந்துடறேன்."

"வெய்யி. அங்க உக்காந்து அவங்க கோட்டுக்கு இஸ்திரி போடுறேன்."

நிஜ நாரை அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு வந்ததாம். டோப்ரின்கா பார்க்கவில்லை. மேலே, யாருமில்லாத அறையில், புது டேப்லெட்டின் நீல வெளிச்சத்தில் அது இறங்கிச் சிறகை மடக்கியபோது, அவள் கீழே பூத்திருந்த பிளம் மரத்தடியில் செருப்பில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இதைப் படித்து முடித்ததும் வெளியே போய் உங்கள் கட்டடத்தின் மேல்மாடி ஜன்னல்களை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். வெகுநாளாய்க் கீழே காணாத முகம் ஏதாவது அங்கே இருக்கிறதா? இன்றே ஏறிப்போய்க் கதவைத் தட்டுங்கள். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள், நாற்காலி கனமாக இருக்கும்.