இழுக்காத லாரி, நிற்காத லாரி

எங்கள் தேயிலை எஸ்டேட்டின் கொழுந்து லாரி, பிரேக்கை மிதித்தால் இடப்பக்கம் இழுத்தது. தேவிகுளம் இறக்கத்தில் இடப்பக்கம் கிடுகிடு பள்ளம்.

இன்று மெக்கானிக் இடது சக்கரத்தின் பிரேக்கைத் தளர்த்திவிட்டு, "இனி இழுக்காதுண்ணே" என்றான்.

ஓட்டிப் பார்த்தேன். இழுக்கவில்லை. நிற்கவும் இல்லை.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தி, வலது சக்கரத்தின் பிரேக் டிரம்மைத் தொட்டேன். பிரேக் பிடித்திருந்தால் சுட்டிருக்கும்; சில்லென்றிருந்தது. கழற்றினால், உள்ளே பிரேக் ஆயில் ஒழுகி, டிரம்மைப் பிடிக்க வேண்டிய லைனிங் ஊறி வழுக்கிக் கிடக்கிறது.

"ஏலே, பிடிக்காத சக்கரத்த விட்டுட்டு, பிடிக்கிற சக்கரத்தயா கெடுப்ப? நாளைக்கு இருபது பொம்பளைங்க ஏறுற வண்டி இதுலே."

"நேராத்தானண்ணே போவுது."

"அப்ப ஏறு. அடிவாரம் வரைக்கும் போயிட்டு வருவோம்."

"எனக்குச் சோலி கெடக்குண்ணே."

தான் சரிசெய்த வண்டியில் ஏறப் பயப்படும் மெக்கானிக் உங்கள் ஊரிலும் உண்டா?