வெர்டி உடைத்த வேர்

வெர்டி கட்ரைட் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். பிறகு அதே பள்ளியின் சமையலறையில் முப்பத்தோரு வருடம் பீன்ஸும் சோளரொட்டியும் செய்து போட்டார். ஹார்லோ மாவட்டத்தில் அவர் கையால் சாப்பிடாதவர்கள் குறைவு. நானும் சாப்பிட்டிருக்கிறேன், மிச்சம் வைத்ததற்குத் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் செப்டம்பர் பிறந்துவிட்டால் அம்மாளை வீட்டில் பிடிக்க முடியாது. மருந்துக்காக நல்ல விலைக்குப் போகும் ஜின்செங் வேர் தோண்ட மலையேறிவிடுவார்.

மேற்கு வர்ஜீனியாவில் செப்டம்பர் முதல் தேதிக்கு முன்னால் அந்த வேரில் கை வைத்தால் குற்றம். போன வருடம் செப்டம்பர் நாலாம் தேதி ஆர்லிஸ் டெனன்ட்டின் வண்டியில் காய்ந்த வேர் ஒரு பை நிறைய அகப்பட்டது. வேர் காய இரண்டு வாரம் ஆகும், ஆகவே ஆகஸ்டிலேயே தோண்டியிருக்கிறான் என்று வன அதிகாரி வழக்குப் போட்டார். சுரங்கம் மூடியதிலிருந்து சும்மா இருந்த ஆர்லிஸுக்கு அப்போதுதான் சாலைத் துறையில் வேலை கிடைத்திருந்தது. தண்டனை பதிவானால் அந்த வேலை போய்விடும். ஆனாலும் அந்த மனிதன், "ஒண்ணாந்தேதிதான் தோண்டினேன்" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. பிறகு மூன்றே நாளில் எப்படிக் காய்ந்தது என்று அவனுடைய வக்கீல் டெல்ஃபியா கேட்டால் தரையைப் பார்ப்பான்.

டெல்ஃபியா நிபுணர் சாட்சி சொல்லப் பேராசிரியர் யாராவது கிடைப்பாரா என்று தேடி அலுத்துப் போயிருந்தார். நான் அந்த நீதிமன்றத்தின் எழுத்தர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும்தான். "வேரைப் பத்தித் தெரிஞ்சவங்கதானே வேணும்? வெர்டி அம்மா இருக்காங்களே" என்று சொல்லிவிட்டேன்.

விசாரணையன்று அறுவர் ஜூரி உட்கார்ந்தது. அரசு வக்கீல் ப்ரூயிட் நகரத்திலிருந்து புதிதாக வந்தவர். வெர்டி எப்படி நிபுணர் ஆவார் என்று ஆட்சேபித்து எழுந்தார்.

"பட்டம் ஏதாவது வாங்கியிருக்கீங்களாம்மா?"

"இல்ல தம்பி. அம்பது வருஷமா தோண்டுறேன்."

"எந்த இடத்துல தோண்டுவீங்க?"

வேர் கிடைக்கும் இடம் அவரவர் ரகசியம்; எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி அது. ஜூரியில் ஒருவர் இருமினார்.

"எம் புருஷன் சாகற வரைக்கும் அவருக்கே சொல்லல. ஒனக்கா சொல்லப்போறேன்?"

"சத்தியம் பண்ணியிருக்கீங்க. பதில் சொல்லித்தான் ஆகணும்."

"அப்ப ஜெயில்ல போடு. பல்லு வெளக்கற பிரஷ்ஷ மட்டும் எடுத்துக்கறேன்."

நீதிபதி ஹோய்ட்டும் வேர் தோண்டுகிறவர். அவசர அவசரமாகக் குறுக்கே வந்தார். "இடம் இந்த வழக்குக்குத் தேவையில்ல. அனுபவத்துல வந்த அறிவும் அறிவுதான். நிபுணரா ஏத்துக்கறேன், எழுதிக்குங்க."

எழுதினேன். அவ்வளவு சந்தோஷமாக ஒரு சொல்லை அந்தப் பதிவேட்டில் நான் எழுதியதே இல்லை.

டெல்ஃபியா ஆர்லிஸிடம் பிடித்த பையிலிருந்து ஒரு வேரை எடுத்துக் கொடுத்தார். வெர்டி முகர்ந்து பார்த்தார், இரண்டு கையாலும் பிடித்து உடைத்தார். அது சட்டென்று முறியவில்லை, வளைந்து பிய்ந்தது. அம்மாளின் முகம் கோணியது.

"நிழல்ல நிதானமா காயவெச்சா உள்ள வெள்ளையா இருக்கும், படக்குன்னு ஒடையும். இது மேல மட்டும்தான் காஞ்சிருக்கு, உள்ள பழுப்பு. கடுஞ்சூட்டுல வெச்சு வதைச்சிருக்கான். வண்டி டாஷ்போர்டுல பரப்பி, கண்ணாடிய ஏத்தி, வெயில்ல நிறுத்துனா மூணே நாள்ல இப்படி ஆயிடும்."

ஜூரி மொத்தமும் ஆர்லிஸைத் திரும்பிப் பார்த்தது. அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு அப்போதுதான் புரிந்தது. திருடன் என்ற பெயரைக்கூட அவன் தாங்கிக்கொள்வான், நல்ல வேரை டாஷ்போர்டில் போட்டுப் பாழாக்கியவன் என்ற பெயரைத் தாங்கமாட்டான்.

ப்ரூயிட் லேசுப்பட்டவர் அல்ல. "ஆகஸ்டுல தோண்டியும் இப்படிக் காயவெச்சிருக்கலாம் இல்லையா?"

வெர்டி யோசித்தார்.

"வெச்சிருக்கலாம். எப்பத் தோண்டினான்னு இந்த வேர் சொல்லாது. காய ரெண்டு வாரம் ஆகித்தான் தீரணும்னு இல்ல, அத மட்டும்தான் சொல்லும்." உடைந்த துண்டைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா என்னைக் கேட்டா ஆர்லிஸு அப்படிப்பட்ட..."

"அம்மா, வேரோட நிறுத்திக்குங்க" என்றார் நீதிபதி. "குத்தவாளியா இல்லையாங்கறது ஜூரி சொல்ல வேண்டியது."

பிறகு ஜூரியிடம், நிரூபிக்க வேண்டியது அரசுதான், நியாயமான சந்தேகம் மிஞ்சினால் விட்டுவிட வேண்டும் என்று விளக்கினார். பதினோரு நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். அவர்களின் தலைவர், பெட்ரோல் பங்க் நடத்தும் எமரி, எழுந்து நின்றார்.

"குத்தவாளி இல்லைங்க ஐயா."

ஆர்லிஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். எமரி மட்டும் உட்காரவில்லை.

"ஐயா, டாஷ்போர்டுல வேர் காயவைக்கறதுக்கு ஏதாவது தண்டனை உண்டுங்களா? ஜூரி கேக்கச் சொல்லுது."

"சட்டத்துல எடமில்ல" என்றார் ஹோய்ட். "எனக்கும் வருத்தம்தான்."

ப்ரூயிட் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லிஸும் சிரித்தான். கண்ணீரைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே, எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னான்: "ஆமாங்க, டாஷ்போர்டுலதான் வெச்சேன்."