இரு கரைக்கும் ஒரு படகு

ஹால்பெர்க் என்று இன்று ஒரு சட்டமன்றத் தொகுதி கிடையாது. எங்கள் மாகாணமான சஸ்காட்சுவானின் வரைபடத்தில் தேடினால் எங்கள் வடகரை ஒரு நிறத்திலும் எதிரே தென்கரை இன்னொரு நிறத்திலும் இருக்கும். நடுவில் ஆறு. அந்த ஆற்றின் குறுக்கே கட்டிய இரும்பு வடத்தைப் பிடித்துப் போய்வரும் தட்டைப் படகு மட்டும் இன்னும் ஓடுகிறது. அது ஓடுவதற்கு ஒரே காரணம் தோரா ஸ்லெட்டன். வேறு யாராவது தாங்கள்தான் காரணம் என்று மார்தட்டினால் நம்ப வேண்டாம். மார்தட்டுகிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

படகை ஓட்டும் தோரா நெடுஞ்சாலைத் துறையின் சம்பளக்காரி. உயரமான, பேச்சுக் குறைந்த பெண். கோதுமை லாரி, மாடு ஏற்றிய லாரி, சவ ஊர்வலம் எதுவானாலும் ஒரே முகத்தோடு ஏற்றுவாள். அரசாங்க வேலை என்பதால் படகில் கட்சி பேசமாட்டாள், மற்றவர்கள் பேசினால் இயந்திரத்தின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். அவள் வீடு வடகரையில். கணவன் லெய்ஃபுக்குப் பக்கவாதம் வந்தபின் அவரைத் தென்கரை முதியோர் இல்லத்தில்தான் சேர்க்க முடிந்தது, எங்கள் பக்கம் அப்படி ஒன்று இல்லை. தினமும் சாயங்காலம் அவருக்குத் தன் கையால் ஊட்டிவிட்டுத்தான் வீடு திரும்புவாள். படகு இல்லையென்றால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகவே அரைநாள் ஓடிவிடும்.

அந்தப் படகை மூடவேண்டும் என்று தலைநகரில் யாருக்காவது அடிக்கடி தோன்றும். தோன்றும்போதெல்லாம் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் குதிப்பார். எந்தக் கட்சிக்காரர் என்பது பொருட்டில்லை. இரண்டு கரையிலும் அவருக்கு ஓட்டு வேண்டும், அதனால் குதித்தே ஆகவேண்டும். தொகுதி ஒன்றாக இருந்தவரை படகுக்கு ஆபத்தில்லை.

பிறகு தொகுதிகளின் எல்லையைத் திருத்த ஆணையம் ஒன்று வந்தது. நகரத்திலிருந்து மூன்று பேர். தென்கரையில், பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் கூடத்தில் மக்கள் கருத்தைக் கேட்க உட்கார்ந்தார்கள். நாங்கள் கூட்டமாகப் போனோம். தொகுதியைப் பிரிக்காதீர்கள் என்று சொல்லத்தான் போனோம்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அறுவடை விருந்தானாலும் சரி, கல்யாணமானாலும் சரி, மேடை ஏறுகிறவன் முதலில் எதிர்க்கரைக்காரனை நாலு வாங்கு வாங்கிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான். வாங்காவிட்டால் கோபம் என்று அர்த்தம். தென்கரை கர்லிங் மன்றத் தலைவர் ஆர்ச்சி பிரிங்கிள் எழுந்தார்.

"வடகரைக்காரங்களோட எங்களுக்கு என்னய்யா பொது? அவங்க ஆத்துல ஓடுற தண்ணி மட்டும்தான் எங்க ஆத்துலயும் ஓடுது" என்றார். கூடம் சிரித்தது.

எங்கள் பக்கத்து நெஸ்டர் பாபிக் விடுவாரா? "தென்கரைக்கு நான் ரெண்டே விஷயத்துக்குத்தான் போவேன். ஒண்ணு பல் பிடுங்க, இன்னொண்ணு சாவு வீட்டுக்கு. பல் பிடுங்குறதுதான் தேவலாம்" என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

நகரத்து மூவரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஆர்ச்சியும் நெஸ்டரும் தொகுதிக்காக எவ்வளவோ உருகிப் பேசினார்கள், அந்தப் பேனாக்கள் அசையவே இல்லை.

அறிக்கை வந்தது. இரு கரை மக்களுக்கும் பொது நலன் ஏதுமில்லை, நெடுநாள் பகை தெரிகிறது, ஆறே இயற்கையான எல்லை என்று அச்சில் இருந்தது. கூட்டுறவுக் கடையில் அதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஆர்ச்சி கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. ஆனால் அவர் நேராகப் படகுக்குப் போய்விட்டார். நெஸ்டர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"விளையாட்டுக்குத்தானே சொன்னோம் தோரா" என்றார் ஆர்ச்சி.

"அது உங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?"

"மனு ஒண்ணு போடுவோமா?"

"போட்டுப் பாருங்க. இனிமே ரெண்டு கரையும் ஒண்ணா நின்னு பேசுனாலும் எவன் நம்பப்போறான்?" என்றாள்.

மனு போய், கிடந்து, செத்தது. தொகுதி பிரிந்தது. தேர்தலில் வடகரைக்கு ஆளுங்கட்சியின் கொலீன் வாஸ்கோ வந்தார், தென்கரைக்கு எதிர்க்கட்சியின் டுவைட் அமுன்ட்ருட். குளிர்காலம் முடிவதற்குள் நெடுஞ்சாலைத் துறை, படகை மூடுவது பற்றி ஆலோசிப்பதாகச் சொல்லிவிட்டது. பாதி ஆற்றுக்காக எந்த உறுப்பினர் குதிப்பார்?

வசந்தத்தில் பனிக்கட்டி உடைந்து ஆறு திறந்ததும் முதல் ஓட்டத்துக்கு ஊரே திரளும். படகின் தளத்தில் காப்பியும் கேக்கும் இருக்கும். தோரா அந்த வருஷம் வாஸ்கோவுக்கு ஆள் அனுப்பினாள், எங்கள் உறுப்பினர் வந்தால் கௌரவம் என்று. அமுன்ட்ருட்டுக்கும் அதையே சொல்லி அனுப்பினாள். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. வாரப் பத்திரிகையின் படக்காரப் பெண்ணையும் கூப்பிட்டிருந்தாள். வேலை போய்விடும் என்று நான் எச்சரித்தேன்.

"படகு போனா வேலை மட்டும் இருக்குமா என்ன?" என்றாள்.

ஆர்ச்சிக்கும் நெஸ்டருக்கும் தனியாக ஒரு வார்த்தை. "இன்னிக்குக் கிண்டல் ஏதாவது வாயிலேருந்து வந்துது, ரெண்டு பேரையும் நடு ஆத்துல இறக்கி விட்டுருவேன்." பாவம், அவர்களுக்குப் பழக்கமில்லை. தென்கரையில் காற்று நன்றாக இருப்பதாக நெஸ்டர் சொன்னார். வடகரையிலும் காற்று உண்டு என்றார் ஆர்ச்சி. அதற்குமேல் இருவருக்கும் ஓடவில்லை.

வடகரையில் வாஸ்கோவை ஏற்றி, தென்கரையில் அமுன்ட்ருட்டை ஏற்றி, திரும்பும் வழியில் நடு ஆற்றில் இயந்திரம் நின்றது. அதற்கு ஒரு கோளாறும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தோரா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"புது எல்லை இங்கதான் போகுதாம். படகு பாதி மேடத்தோட தொகுதி, பாதி ஐயாவோடது. எனக்கு ஒரு சந்தேகம். இதை மூடுறாங்கன்னா நாங்க யார்கிட்ட வந்து நிக்கணும்?"

"என்கிட்டதான். நான் ஆளுங்கட்சி, அமைச்சர்கிட்ட நேரா பேசுவேன்" என்றார் வாஸ்கோ.

"பேசுறதா இருந்தா இதுக்குள்ள பேசியிருக்கணும் மேடம். மூடப்போறது உங்க அமைச்சர்தானே? சபையில கேக்கப்போறது நான்" என்றார் அமுன்ட்ருட்.

"நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே நான் முடிச்சுருவேன்."

"பாக்கலாமே."

படக்காரப் பெண் இருவரையும் படம் பிடித்துக்கொண்டாள். தோரா போய் இயந்திரத்தைத் தட்டினாள், அது உடனே கிளம்பியது.

அந்த வாரமே ஒருவர் அமைச்சர் அறைக்கும் மற்றவர் சபைக்கும் ஓடினார்கள். மூடும் யோசனை கைவிடப்பட்டது. இருவரும் இன்றுவரை படகைக் காப்பாற்றியது நானே என்கிறார்கள். ஒருவர் புது வடம் வாங்கித் தந்தால் மற்றவர் இறங்குதுறைக்குக் கான்கிரீட் போட்டுத் தருகிறார். ஒற்றை உறுப்பினர் இருந்த காலத்தில் நாங்கள் இவ்வளவு சுகத்தைக் கண்டதில்லை.

லெய்ஃபைப் பற்றி வாஸ்கோவுக்கு அப்புறம்தான் தெரியவந்தது. அவர் மனம் கரைந்து, என் முன்னாலேயே தோராவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் அன்னிக்கே அமைச்சர்கிட்ட போயிருப்பேனே. ஏன் சொல்லல?"

"சொன்னா எம்மேல இரக்கப்பட்டு விட்டுவெச்சிருப்பீங்க" என்றாள் தோரா. "லெய்ஃப் போன மறுநாள் மூடியிருப்பாங்க."

லெய்ஃப் அடுத்த குளிர்காலத்தில் போனார். ஆறு உறைந்து கிடந்ததால் இரு கரைச் சனமும் பனிமேல் நடந்தே வந்து அவரை அடக்கம் செய்தோம். வசந்தத்தில் ஆறு திறந்தது. தென்கரையில் அவளுக்காகக் காத்திருக்க யாருமில்லை. முதல் ஓட்டத்துக்குத் தோரா வழக்கமான நேரத்துக்கு வந்து கட்டுக்கயிற்றை அவிழ்த்தாள்.