ஆறிய அடுப்பில் அளந்தது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பட்டறையில் என்னை மிளகாய்ப்பொடி என்றுதான் கூப்பிடுவார்கள். அதுவும் முகத்துக்கு நேராகவே. பதினெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய் ஓவன், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறேன். பொம்பளைக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டவர்களுக்கு வாயால் பாதி, வேலையால் மீதி பதில் சொல்லியே பழகிவிட்டேன்.

அன்று காலை டிரைவர் ஐயா போன் செய்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். ஓவனில் வைப்பதெல்லாம் கருகுகிறது என்று இரண்டு மாதம் முன்னால் கூப்பிட்டார். நானும் போய்ப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாயிற்று. இன்னும் என்ன?

"கடைசியா ஒரு தடவை வந்து பாரும்மா. நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன்."

"எங்கயாவது வெளியூர் போறீங்களா?"

"போகல. கொண்டுபோய் விடறாங்க."

கதவைத் திறந்தது அவர் மகன். கூடத்தில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. சமையலறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சுவரெல்லாம் சீட்டு. 'கேஸை அணைத்தாயா?' 'குழாயை மூடினாயா?' ஓவன் கதவில் மட்டும் மூன்று ஒட்டியிருந்தன. '180 தான் வைத்தாயா? திரும்பப் பார்.' 'மணி பார்த்தாயா?' 'பக்கத்திலேயே நில்.'

மகன் குரலைத் தாழ்த்தினான். "அப்பாவுக்கு மறதி மேடம். நாலு தடவை கருக்கிட்டார். போன வாரம் புகை வந்து பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டியிருக்காங்க. நாளைக்கு முதியோர் இல்லத்துல சேர்க்கறோம்."

"மறதின்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

"டாக்டர் எதுக்கு? நீங்களே எழுதிக் குடுத்தீங்களே!"

போனில் படமெடுத்து வைத்திருந்ததை நீட்டினான். என் கையெழுத்துதான். 'கருவியில் குறை இல்லை. பயன்படுத்துபவரின் கவனக்குறைவு. வயதானவர், தனியாகப் பயன்படுத்த வேண்டாம்.'

சுருக்கென்றது. அந்தக் கடைசி வரியை என்னிடம் யார் கேட்டார்கள்?

ஓவனுக்குள் எவ்வளவு சூடு என்பதைச் சொல்வது சென்சார். பென்சில் தடிமனில் ஒரு கம்பி; சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறும். இரண்டு மாதம் முன்னால் நான் வந்தபோது ஓவன் ஆறிக் கிடந்தது. மீட்டரை வைத்தேன், ஆயிரத்துத் தொண்ணூற்றேழு ஓம். அறைச் சூட்டுக்குச் சரியான அளவு. அதோடு மூட்டையைக் கட்டிவிட்டேன். மிச்சத்தை அவருடைய நரைத்த தலையைப் பார்த்து எழுதியிருக்கிறேன். வேறென்ன?

அவர் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நூத்தி எண்பதுதானே வெச்சீங்க?"

"வெச்சேன்னுதான் நினைக்கிறேன்."

போன தடவை இதே கேள்விக்கு, "ஏன், எனக்குக் கண்ணு இல்லையா?" என்று எகிறியவர் அவர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓவனை முன்னால் இழுத்து, சென்சாரைக் கழற்றி மீட்டரில் கோத்தேன். அதே ஆயிரத்துத் தொண்ணூற்றேழு.

"சரியாத்தானே மேடம் இருக்கு?" என்றான் மகன்.

"வாயை மூடிக்கிட்டுக் கொஞ்சம் தண்ணி கொதிக்க வைங்க."

கொதிக்கிற தண்ணீரில் கம்பியின் நுனியை முக்கினேன். எண் ஏறியது. ஆயிரத்து இருநூறு, இருநூற்றைம்பது, இருநூற்றுத் தொண்ணூறு. அங்கேயே நின்றுவிட்டது. நான் காத்திருந்தேன். அசையவில்லை.

"ஆயிரத்து முந்நூத்தி எண்பதைத் தாண்டணும். கொதிக்கிற தண்ணிய இந்தச் சனியன் எழுபத்தஞ்சு டிகிரிங்குது. நீங்க நூத்தி எண்பது வெச்சா, உள்ள இருநூத்தி அம்பதுக்கு மேல போகும். உங்கப்பா இல்ல, யார் வெச்சாலும் கரிதான்!"

ஆறியிருக்கும்போது உண்மை சொல்லி, சூடானதும் பொய் சொல்லும் சென்சார். சுட வைத்துப் பார்க்காமல் நான் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். தொழிலுக்கு வந்து பத்து நாள் ஆனவர்கூடச் செய்யக் கூடாத தப்பு.

மகன் சுவரைக் காட்டி இழுத்தான். "சரி... ஆனா இந்தச் சீட்டெல்லாம்?"

"நாம ஒட்ட வெச்சது! மறதி மறதின்னு சொன்னா மனுஷன் வேற என்ன பண்ணுவாரு? பார்க்காம எழுதினது என் தப்பு. அதை வெச்சுப் பெட்டி கட்டினது உங்க தப்பு. இவர் தப்பு எங்க இருக்கு? காட்டுங்க!"

அவர் பக்கம் திரும்பினேன். "மன்னிச்சிருங்க ஐயா. புது சென்சார் வண்டியிலேயே இருக்கு. பத்து நிமிஷத்துல மாட்டிடறேன்."

"தொடாதே."

ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்திருந்தார்.

"என் வீட்டு ஓவன்ல உன் கை படக் கூடாது. வேற ஆளை அனுப்பச் சொல்லு. ரெண்டு மாசம்! என் புத்தியை நானே சந்தேகப்பட்டுக்கிட்டுக் கிடந்தேன். பல்லு விளக்கினேனான்னு பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்திருக்கேன். அன்னிக்கு எவ்வளவு நேரம் நீ பார்த்த? வியாழக்கிழமை, நாலு மணி இருபதுக்கு வந்த. நாலரைக்குக் கிளம்பிட்ட. நடுவுல போன்ல யார்கிட்டயோ, 'இங்க ஒரு பெரிசு உயிரை வாங்குது, இதோ வந்துடறேன்'னு சொன்ன. எனக்குக் காது கேக்காதுன்னு நினைச்சியா?"

எனக்கு அது நினைவில்லை. சொல்லியிருப்பேன். சொல்லக் கூடியவள்தான் நான்.

பதிலுக்குப் பதில் பேசாமல் ஒரு வீட்டிலிருந்து நான் கிளம்பியது அன்றுதான். கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். உள்ளே அவர் மகனைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப உன் விஷயத்துக்கு வரேன். முதல் ரொட்டி கருகினது பதினேழாம் தேதி. அன்னிக்கு நீ இங்க நின்னு என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

மகன் பெட்டி ஒன்றை ஓரமாக நகர்த்தும் சத்தம் கேட்டது.

"எனக்கு இருக்கு. உக்காரு."