அலைக்கு எதிர்ப்பக்கம் ஓர் அறை

அந்தப் பயண அலுவலகத்தில் மொத்தம் மூன்று மேசைகள். வாசலை ஒட்டி விமான டிக்கெட் போடும் பெண். உள்ளே தடுப்புக்குப் பின்னால் முதலாளி. நடுவில், தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில், ஜோடி மேடம். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. ஆனால் கணவனும் மனைவியுமாகக் கடற்கரைக்குப் போக நினைக்கிறவர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை என்பதால், போனில் அழைக்கிறவர்கள்கூட "ஜோடி மேடம் இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

வருகிறவர்கள் பெரும்பாலும் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தைக் காட்டுவார்கள். மணலில் ஒரு மேசை, இரண்டு மெழுகுவத்தி, கட்டில் மேல் ரோஜா இதழ். அவள் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள்.

"மெழுகுவத்தி கடல் காத்துல கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. தட்டுல மணல் விழும். இதழெல்லாம் காலையில காலுக்கடியில ஒட்டும். பரவாயில்லன்னா சொல்லுங்க, ஏற்பாடு பண்ணிடலாம்."

பிறகு ஏதாவது சாக்குச் சொல்லி ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு மற்றவரிடம் கேட்பாள்: "லீவு நாள்ல கண்ணு முழிச்சதும் என்ன செய்யப் பிடிக்கும்?" அப்புறம் இவரை அனுப்பிவிட்டு அவரிடம். ஒருவர் சூரியன் எழும்புவதைப் பார்க்க வேண்டும் என்பார். இன்னொருவர் வெயில் சுள்ளென்று அடிக்கும்வரை யாரும் எழுப்பக் கூடாது என்பார். கல்யாணமாகி வருஷக்கணக்கானவர்கள்கூட "அப்படியா சொன்னா?" என்று விழிப்பார்கள். இந்த இரண்டு ஆசைகளையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் ஒரே அறைக்குள் அடுக்கித் தருவதில் அவள் கெட்டிக்காரி. போய்வந்தவர்கள் மறுபடி வந்தார்கள். தங்கை, மச்சான் என்று சொந்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அவள் வீடு இரண்டாவது மாடியில், இரண்டு அறையும் ஒரு சமையலறையும். கணவர் அச்சகத்தில் பெரிய மெஷின் ஓட்டுகிறவர். ஒரே மகள் படிப்புக்காக வேறு ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது துணிமணியோடு வீட்டிலிருந்த பேச்சையும் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள் போலிருந்தது. "ம்", "சரி", "பாத்துக்கலாம்" - இந்த மூன்று வார்த்தைகளை வைத்தே அவர் குடும்பம் நடத்தினார். திரைச்சீலை பச்சையா நீலமா என்று கேட்டால் "சரி" என்பார். டிவியில் செய்தி ஓடினால் திரைக்குக் கீழே ஓடும் எழுத்தை வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலில் களைப்பு என்று நினைத்தாள். பிறகு வயது என்று நினைத்தாள். அதற்குப் பிறகு நினைத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, அடக்கி வைத்திருந்தது வாய் தவறி வந்துவிட்டது.

"நான் இந்த வீட்ல இருக்கறதும் இல்லாததும் உங்களுக்கு ஒண்ணுதானே?"

பின்னாலிருந்து அவர் நிதானமாகச் சொன்னார்: "ஆமா. இப்ப என்ன அவசரம்."

அவள் திரும்பவில்லை. கையிலிருந்த பாத்திரத்தை மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் வீட்டில் அவளும் மூன்று வார்த்தைக்காரியாகிவிட்டாள். அலுவலகத்தில் மட்டும் நாள் முழுக்க அடுத்தவர் காதலுக்குக் கட்டில் போட்டாள், விளக்கு ஏற்றினாள்.

அப்படியிருக்க, ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிந்து வெயில் தெருவில் சோம்பலாகக் கிடந்தபோது, அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. நகக்கண்ணில் மட்டும் மை.

"என்னாச்சு? பொண்ணுக்கு ஏதாவது..."

"அவ நல்லாத்தான் இருக்கா." அவர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க ரெண்டு பேருக்கும் கடற்கரைக்குப் போகணும். எனக்கும் என் வீட்டுக்காரிக்கும். நீங்கதான் ஜோடி மேடமா?"

டிக்கெட் பெண் கம்ப்யூட்டருக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். ஆனால் விசைப்பலகைச் சத்தம் நின்றுவிட்டது.

"விளையாடறீங்களா? வேலை நேரம்."

"வேலைக்குத்தான் வந்திருக்கேன். எல்லாருக்கும் போடற மாதிரி எனக்கும் போட்டுக் கொடு."

அவளுக்குக் கோபம் பாதி, ஆச்சரியம் பாதி. சரி, பார்ப்போமே என்று வாடிக்கையாளர்களிடம் பேசும் குரலை எடுத்துக்கொண்டாள்.

"அலை பக்கத்துல, பால்கனியோட ரூம் இருக்கு. அதைத்தான் எல்லாரும் கேப்பாங்க."

"வேணாம். அலைக்கு எதிர்ப்பக்கமா, பின்னால தோட்டத்துப் பக்கம் ஏதாவது இருந்தா பாரு."

"ராத்திரிச் சாப்பாடு மணல்ல, மெழுகுவத்தி வெளிச்சத்துல?"

"நல்லா பளிச்சுன்னு லைட் எரியற இடமா இருக்கட்டும்."

"பாட்டுக் கச்சேரி வச்சிருக்கற ஹோட்டல் ஒண்ணு..."

"பாட்டு சுத்தமா வேணாம். நமக்கு நடுவுல பூச்சாடி கீச்சாடி எதையும் வைக்கச் சொல்லாதே. உன் மூஞ்சி தெரியணும்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "அலையும் வேணாம், பாட்டும் வேணாம், இருட்டும் வேணாம். அப்புறம் எதுக்குக் கடலுக்குப் போகணும்? நம்ம வீட்டு டியூப்லைட்டே போதுமே."

அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேசி முடித்த பிறகும் சற்று நேரம் பார்த்தார்.

"எனக்குக் காது கேக்கலைம்மா," என்றார்.

தெருவில் ஒரு லாரி பின்னால் நகர்ந்துகொண்டே பீப் பீப் என்று அலறியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை நாள் இதைக் கவனிக்காமல் போனோமே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எப்பலேர்ந்து?"

"கொஞ்சங்கொஞ்சமா. பொண்ணு ஸ்கூல் போயிட்டிருந்தப்பவே ஆரம்பிச்சிடுச்சு. அவ காதுக்கிட்ட வந்து கத்துவா, அதனால ஓடிடுச்சு. மெஷின் சத்தம். அங்க எல்லாருக்குமே கொஞ்சம் மந்தம்தான். எனக்கு நிறையவே."

"ஏங்க சொல்லலை?"

"சொன்னா மெஷின்லேர்ந்து எடுத்துடுவாங்க. அது ஒண்ணு." அவர் மை படிந்த நகத்தைத் தேய்த்தார். "நீ பாவம், நாள் பூரா பேசிட்டு வர்றே. இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லுன்னு எத்தனை தடவைதான் கேக்கறது? ஒருநாள் கேட்டேன். 'ஒண்ணுமில்ல விடுங்க'ன்னே. அதுக்கப்புறம் கேக்கலை."

அது அவளுக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பாள். அவள் அடிக்கடி சொல்லும் வார்த்தைதான் அது.

"போன வாரம் வீட்டுச் சாவியை மறந்துட்டு வந்தே, இல்ல? கொடுக்க வந்தேன். இந்தக் கண்ணாடிக்கு வெளியில நின்னேன். நீ ஒரு ஜோடிக்கிட்ட பேசிக்கிட்டிருந்தே. அவங்க முகத்தைப் பாத்து, நிறுத்தி நிறுத்தி. எனக்கு முக்கால்வாசி புரிஞ்சுது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன, சத்தம் எனக்கு ஒண்ணுதானே. மெழுகுவத்தி அணைஞ்சு போகும்னு சொன்னே, அவன் சிரிச்சான். நானும் வெளியில நின்னு சிரிச்சேன். சாவியைக் கொடுக்காமலே திரும்பிட்டேன். வீட்ல நீ அடுப்பைப் பாத்துப் பேசுவே, அலமாரியைப் பாத்துப் பேசுவே. இங்க உக்காந்தாத்தான் நீ என் மூஞ்சியைப் பாத்துப் பேசுவேன்னு தோணிச்சு. அதான் வந்தேன்."

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். இவ்வளவு நாள் ஒரே கூரைக்குக் கீழே இதை மறைத்தாரே என்ற ஆத்திரம். இரண்டு கையையும் மேசை மேல் ஊன்றிக்கொண்டு, குழாயடியில் அன்று கேட்டதை அப்படியே அவர் முகத்துக்கு நேராக மறுபடி கேட்டாள். அலுவலகம் முழுக்கக் கேட்டது. உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, பார்த்தது தப்பு என்பதுபோல் தலையை இழுத்துக்கொண்டார்.

அவர் முகம் வெளுத்தது. "நீ இதையா கேட்டே? நான் என்ன சொன்னேன்?"

"ஆமா, இப்ப என்ன அவசரம்னு சொன்னீங்க."

"அடக் கடவுளே. நீ டீ போடவான்னு கேட்டேன்னு நினைச்சிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே கண்ணும் நிறைந்துவிட்டது. டிக்கெட் பெண் எழுந்து, எதற்கென்று தெரியாமல், மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

அவர்கள் போனார்கள். கூட்டமில்லாத பருவத்தில், தோட்டத்துப் பக்கம் ஜன்னல் வைத்த அறைக்கு. போகும் முன் காது டாக்டரைப் பார்த்து ஒரு சின்னக் கருவி வாங்கி மாட்டியாயிற்று. அதை மாட்டிக்கொண்டு கடலுக்கு எதிரே நின்றதும் அவர் முகத்தைச் சுளித்தார்.

"மெஷின் ரூம்ல நிக்கற மாதிரியே இருக்கு," என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பக்கத்துப் பக்கத்தில் நடந்தால் அவருக்கு அவள் வாய் தெரியாது. அதனால் அவள் அவருக்கு முன்னால் போய், அவரைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்துகொண்டே பேசினாள். "குழி, குழி, இடது பக்கம்," என்று அவர் வழி சொன்னார். கைகோத்து வந்த ஓர் இளம் ஜோடி இவர்களை வினோதமாகப் பார்த்துவிட்டு விலகிப் போயிற்று. படகு கட்டிய கயிறு தடுக்கி அவள் ஈர மணலில் பொத்தென்று உட்கார்ந்தபோது, அவர் தூக்கிவிட மறந்து நின்று சிரித்தார். அப்படி அவர் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று சொல்ல முடியாது. மறுநாள் அறையில் பெரிய சண்டை. இத்தனை காலம் அவர் காதில் விழாமல் போனதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். கருவியை மாட்டிக்கொண்டு அவர் கேட்டார். சிலவற்றுக்குத் தலையசைத்தார். சிலவற்றுக்கு, "அது காது கேட்டிருந்தாலும் நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன்," என்றார். எல்லாக் குறையையும் காதின் தலையில் கட்டிவிட முடியாது என்பது இருவருக்கும் தெரிந்த இடம் அது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாக நடக்கப் போனார். அவள் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள்: ஊரில் உள்ள புருஷன்மாரிடமெல்லாம் கண் முழித்ததும் என்ன பிடிக்கும் என்று கேட்டவள், இவரிடம் மட்டும் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும் என்று நினைத்திருந்தாள். அவர் திரும்பி வந்ததும் கேட்டாள்.

"காலையிலயா? எழுந்த உடனே யாரும் பேசாம இருந்தா நல்லது," என்றார் அவர். "கொஞ்ச நேரத்துக்கு."

ஊர் திரும்பியதும் அச்சகத்தில் அவரே போய் விஷயத்தைச் சொன்னார். மெஷினை விட்டு பைண்டிங் பகுதிக்கு மாற்றினார்கள். ஆரம்பத்தில் மிகவும் வாடிப்போனார். தாள் உருளும் அதிர்வு காலுக்கடியில் இல்லாமல் நிற்கவே தெரியவில்லை என்றார். அவள் ஆறுதல் எதுவும் சொல்லாமல், எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். நாளாக ஆகப் பழகிக்கொண்டார். முழுக்கப் பழகியதாக இன்றும் சொல்வதில்லை.

இப்போது அந்த இரண்டாவது மாடியில் சத்தம் அதிகம். திரைச்சீலைக்கு நிறம், மின்விசிறிக்கு வேகம், அடுத்த முறை எந்தக் கடற்கரை என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. பேச்சு முற்றிப் போனால் கருவியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிடுவார். அது அவர் உரிமை என்று அவளும் விட்டுவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தபோது இருவர் குரலும் உச்சத்தில் இருந்தன.

"அம்மா, அங்க என்ன சண்டை? நான் கிளம்பி வரட்டுமா?"

"சண்டையெல்லாம் இல்லடி," என்றாள் அவள். "பேசிக்கிட்டிருக்கோம். அப்புறம் கூப்பிடு."