டோ மாலாவிடம் தோற்றவன் எழுதுவது

யங்கோன் நகரின் லான்மடா பகுதியில் என் துணிக்கடையைத் திறந்துகொண்டிருந்தபோது முருகனின் போன் வந்தது. "நானா, அக்கா போயிட்டா" என்றான். எங்கள் முஸ்லிம் வழக்கில் அண்ணனை நானா என்போம், அவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். அவனுடைய அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். மாலா, பர்மிய மரியாதைப்படி டோ மாலா. யங்கோன் பிராந்திய மன்றத்தில் எங்கள் உறுப்பினர். வெகுநாளாகப் படுத்திய சிறுநீரகம் அன்று காலை அடியோடு கைவிட்டுவிட்டது. பூட்டில் சாவி தொங்க, கடைவாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழக்கூட நேரம் தரவில்லை அவன். "விசிறியில என்ன போடறதுன்னு தெரியல நானா. அதுக்குள்ள வார்டு ஆபீஸ்லேருந்து வந்துட்டாங்க" என்றான்.

எங்கள் ஊர்ச் சாவு வீடுகளில் வருகிறவர்களுக்குத் தாள் விசிறி கொடுப்பது வழக்கம். இறந்தவரின் பெயர், வயது, வகித்த பொறுப்பு, ஏழாம் நாள் தானம் நடக்கும் இடம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். டோ மாலாவின் விசிறியில் 'மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்' என்ற வரி வரக்கூடாதாம். அந்தத் தேர்தல்தான் செல்லாதென்று ஆகிவிட்டதே, யார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டார்களாம். யா அல்லாஹ், உடம்பு ஆறக்கூட விடவில்லையே இந்த மனிதர்கள்!

இதில் பேச எனக்கென்ன உரிமை என்று கேட்பீர்கள். இரண்டு தேர்தலிலும் அவரை எதிர்த்துச் சுயேச்சையாக நின்றவன் நான். இரண்டிலும் மண்ணைக் கவ்வினேன். முதல் முறை தோற்ற மறுநாள் காலை அவர், மீன் சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் பொட்டலத்தோடு கடைக்கு வந்து நின்றார். அப்பா தமிழர், அம்மா பர்மியர். அவர் தமிழ் கொஞ்சம் தடுக்கும், ஆனால் நிற்காது. "நானா, சாப்பிட்டுட்டு சொல்லுங்க. ஜெயிச்சிருந்தா மொதல்ல என்ன கேட்டிருப்பீங்க?" என்றார். எரிச்சலில் இருந்தேன். க்யிம்யிண்டைங் படகுத்துறையில் காய்கறி இறக்கும் பெண்கள் மழைக்காலத்தில் பலகையில் வழுக்கி விழுகிறார்கள், படி கட்டித் தரக் கேட்டிருப்பேன் என்று வெடுக்கென்று சொன்னேன். சாப்பிடவும் இல்லை.

மன்றத்தில் அவர் எழுப்பிய முதல் கேள்வி அதுதான். "இது என்னை எதிர்த்து நின்றவருடைய கேள்வி. அவர் இங்கே இல்லாததால் நான் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கேட்டார். பின் வரிசையில் சிரித்தார்களாம். பாதிப் படிதான் கட்டிக் கொடுத்தார்கள். மீதிப் படிக்காக ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்தார். "இவ்வளவு கேட்டும் அலுக்கலையா தங்கச்சி?" என்றேன் ஒருநாள். "கேக்கறது என் வேலை நானா. பதில் சொல்லாம இருக்கறது அவங்க வெக்கம்" என்றார். அதற்குப் பிறகும் அவரை எதிர்த்து நின்றேன், அது வேறு விஷயம். படிக்கட்டில் அவர் பக்கம், ஓட்டில் என் பக்கம்.

இரண்டாம் முறை அவர் ஜெயித்த மன்றம் கூடவே இல்லை. ஆட்சியை எடுத்துக்கொண்ட ராணுவம், தேர்தல் செல்லாது என்று சொல்லி மன்றத்தைப் பூட்டிவிட்டது. கையெழுத்துப் போட்டு ராஜினாமா கொடுத்தால் தொந்தரவு இராது என்று அவர் வீட்டுக்கு ஆள் வந்தது. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ராஜினாமான்னா வேலை புடிக்கலைன்னு அர்த்தம். எனக்குப் புடிச்சிருக்கு." தேநீர் ஆறிப்போனது. வந்தவர்கள் எழுந்து போனார்கள். அதன்பின் அவர் எப்படியெல்லாம் அலைக்கழிக்கப்பட்டார் என்பதை இங்கே எழுத முடியாது. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நான் போய்ச் சேர்ந்தபோது முருகன் அழுத கண்ணோடு கையைப் பிடித்துக்கொண்டான். "வெறும் பேரு மட்டும் போட்டுடலாம் நானா. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. நாங்க இந்தத் தெருவுலதான் இருக்கணும்." அவனைக் குறை சொல்ல வாய் வருமா? நியாயமான பயம். "நீ ஒண்ணும் போடாதே தம்பி. விசிறி என் செலவு, என் பொறுப்பு. யார் கேட்டாலும் என் கடையைக் காட்டு" என்றேன். போட்டாதாங் பகுதியில் எனக்குத் தெரிந்த அச்சகத்துக்காரர், 'மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்' என்ற வரியைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு அடித்துக் கொடுத்தார்.

எடுக்கிற அன்று வார்டு அலுவலர் வந்தார். ஒரு விசிறியை வாங்கிப் படித்தவர், பர்மியத்தில் உரக்கக் கேட்டார்: "இதை யார் போட்டது?" முருகன் தலை குனிந்தது. நான் எழுந்தேன்.

"நான்."

"தேர்ந்தெடுத்தாங்கன்னு எதை வெச்சு சொல்றீங்க?"

"எதிர்த்து நின்னு தோத்தவன் நான். ஓட்டுல தில்லுமுல்லு நடந்திருந்தா மொதல்ல கத்தியிருக்க வேண்டியவன் நான்தானே? நான் கத்தலை. அவங்க ஜெயிச்சாங்க. என்னை விட யாருக்கு அது தெரியும்?"

வாசலில் வெயில் கொளுத்தியது. அலுவலர் அந்த விசிறியாலேயே விசிறிக்கொண்டு நடந்தார்.

டோ மாலாவின் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று துக்கம் கேட்க வந்த நண்பர் ஒருவர் கேட்டார். பொருள் எதுவும் இல்லை. என் தோல்வியை வைத்திருக்கிறேன். நேர்மையான தேர்தலில், நல்ல ஒருவரிடம் தோற்றது. அது செல்லாது என்று சொல்லிக்கொண்டு எவன் வந்தாலும், நான் தோற்றேன் என்று உரக்கச் சொல்வேன்.