முப்பத்தேழு டிகிரியில் மூன்று மணி நேரம்

என் மனைவிக்கு இருபது வருடமாக ஈஸ்ட் வளர்ப்பதுதான் வேலை. ரொட்டிக் கடையில் இல்லை, ஆராய்ச்சிக்கூடத்தில். குடுவையில் சத்துநீர் காய்ச்சி ஊற்றி, அதில் ஈஸ்ட்டை விட்டு, சூடு பார்த்து, மணி பார்த்து நோட்டில் எழுதி... அப்பப்பா! பெற்ற பிள்ளைக்குக்கூட நீ இவ்வளவு பார்க்கவில்லையே என்றால், "பிள்ளை பசிச்சா கத்தும். இது கத்துமா?" என்பாள். அதே கட்டடத்தில் நான் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். எனக்கு முன்கோபம் உண்டு. அவளுக்குக் கோபமே வராது, ஞாபகசக்திதான் அதிகம். இரண்டில் எது ஆபத்து என்று கல்யாணமானவர்களைக் கேளுங்கள்.

அவள் அறையில் ஈஸ்ட்டை வைக்கும் இன்குபேட்டர் இரண்டு, அச்சு அசலாக ஒரே மாதிரி. இடப்பக்கம் இருபத்தைந்து டிகிரி, வலப்பக்கம் முப்பத்தேழு. எது எவ்வளவு என்று கதவில் அட்டை தொங்கும். அவள் அட்டையைப் படிக்கவே மாட்டாள். கை பழக்கத்தில் தானாகப் போகும்.

அன்று காலை வலப்பக்கச் சுவரில் இருந்த பிளக் பாயிண்ட் லேசாகக் கருகியிருந்தது. சூடு அதிகமுள்ள மெஷின் கரண்ட்டையும் அதிகம் இழுக்குமே என்று, இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். அவளிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் மூன்றாம் மாடியில் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

எட்டரை மணிக்கு அவள் ஒரு குடுவையை வழக்கம்போல இடப்பக்கம் வைத்தாள். பதினொன்றரைக்குக் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்திருக்கிறது.

அது ஆராய்ச்சி மாணவியின் ஈஸ்ட். எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பதால் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவோம். தூர தேசத்திலிருந்து வந்த ரகம் அது. அன்று மதியம்தான் அதில் கொஞ்சம் உறையவைத்துச் சேமிப்பதாக இருந்தார்கள். வேறு கையிருப்பு கிடையாது. செத்துப்போனால் மறுபடி வரவழைக்க ஆறு மாதம் ஆகும். அவள் ஆய்வேட்டை முடிக்கவோ எட்டு மாதம்தான் பாக்கி.

என் மனைவி நேராகப் போய்ச் சொல்லிவிட்டாள்: "அட்டையைப் படிக்காம சூட்டுல வெச்சுட்டேன்மா. தப்பு என்னோடதுதான்."

மெஷினைப் பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். வாயைத் திறக்கவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பயமாக இருந்தது.

மின்னல் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். "அக்கா, பாருங்க. எல்லாமே ஒரே இடத்துல நிக்குது."

நானும் எட்டிப் பார்த்தேன். ஈஸ்ட் பிரியும்போது உடம்பில் ஒரு மொட்டு விடும். மொட்டு வளர்ந்து தனியாகும். இங்கே எல்லாவற்றிலும் மொட்டு தாயளவுக்கு வளர்ந்துவிட்டது, ஒன்றுகூடப் பிரியவில்லை.

"பிரியறதுக்கு உத்தரவு கொடுக்கறது ஒரு என்சைம், அண்ணா," என்றாள் மின்னல். "மத்த புரதங்கள் மேல ஒரு சின்ன பாஸ்பேட்டை ஒட்டும். அது ஒட்டினாத்தான் அடுத்த வேலை நடக்கும். இந்த ரகத்துல அந்த என்சைம்ல ஒரு கோளாறு. இருபத்தஞ்சுல ஒழுங்கா வேலை செய்யும், முப்பத்தேழுல உருக்குலைஞ்சு போயிடும்."

"பெட்டியைக் கட்டிட்டு வாசல்ல நிக்குது, கிளம்பச் சொல்ல ஆள் இல்லே. அப்படித்தானே?" என்றாள் என் மனைவி.

"அதேதான். இப்போ குளிர வெச்சா என்சைம் பழைய உருவத்துக்கு வந்துடலாம். ஆனா ரொம்ப நேரம் சூட்டுல நின்னிருந்தா செல் தாங்காது. மூணு மணி நேரம்... தெரியலைக்கா."

என் மனைவி குடுவையை இருபத்தைந்துக்கு மாற்றினாள். பத்தாவது நிமிடம் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. இருபதாவது நிமிடமும் ஒன்றுமில்லை. முப்பதாவது நிமிடம் பார்த்துவிட்டு மின்னல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஓடிக்கொண்டே இருக்கிற பெண் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என் மனைவி நோட்டை எடுத்து, தவறு என்ற இடத்தில் தன் பெயரை எழுதப்போனாள்.

"நிறுத்து," என்றேன். "மெஷினை இடம் மாத்தினது நான். யார்கிட்டேயும் சொல்லாம விட்டதும் நான்தான். என் பேரை எழுது."

மின்னல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் மனைவி என் பெயரையும் எழுதினாள், தன் பெயருக்குக் கீழே.

நாற்பதாவது நிமிடம் மின்னல் மறுபடி குனிந்தாள். "அக்கா! ஐயோ அக்கா!" என்று கத்திக்கொண்டே எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மொட்டுகள் பிரிய ஆரம்பித்திருந்தன. எல்லாம் ஒரே சமயத்தில், ஜோடி ஜோடியாக. அன்று மதியமே பன்னிரண்டு குப்பிகளில் உறையவைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்: "இடம் மாறியிருந்தது உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"கதவைத் திறந்த உடனே. மெஷினைத் தொடறவர் அங்கே வேற யாரு இருக்கா?"

"அப்புறம் ஏன் சொல்லலே?"

"என் தப்பை நான் சொல்லிட்டேன். உங்களோடதை நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்லே. ஈஸ்ட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே வழிக்கு வந்துட்டீங்க."